வாக்குத்தத்த அட்டையும் மார்ச் மாதமும்: வேண்டாத மாற்றங்கள் வரும்போது விசுவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, பன்னிரண்டு மணி அடித்ததும் ஒருவருக்கொருவர் கைகொடுத்து, வாசலில் அந்த வருடத்துக்கான ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது எங்கள் பக்கத்துச் சபைகளில் வழக்கம். அட்டை பீரோ கண்ணாடியில் செருகப்படும். மார்ச் வாக்கில் ஏதாவது ஒரு வீட்டில் ஏதாவது ஒன்று சரிந்திருக்கும். ஒருவருக்கு வேலை போயிருக்கும், ஒருவருக்கு ஸ்கேன் ரிப்போர்ட் வந்திருக்கும், ஒரு வீட்டில் மருமகள் பிறந்த வீட்டுக்குப் போய்த் திரும்பியிருக்க மாட்டாள். அந்த நாட்களில் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்த அட்டை நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அப்பா திருநெல்வேலிச் சீமையில் உபதேசியாராக, அதாவது கிராமச் சபை ஊழியராக, இருந்தவர். என் கணவர் பக்கவாதத்தில் ஆறு வருடம் படுத்திருந்து மறைந்தார். எங்கள் தெருவில் நடக்கும் வீட்டு ஜெபக்கூட்டத்தில் வருடக்கணக்காக என்னிடம் வந்த கேள்விகள் இவை. கேட்டவர்களை அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிவிட்டேன். நான் இறையியல் படித்தவள் அல்ல. வேதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவள், அவ்வளவுதான்.

எரேமியா 29:11 எனக்கு இந்த வருட வாக்குத்தத்தம். "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்று அட்டையில் இருக்கிறது. ஏப்ரலில் வேலை போய்விட்டது. வசனம் பொய்யா, டீச்சர்?

வசனம் பொய்யில்லை. அட்டைதான் சின்னது. ஒரு வசனம் மட்டுமே அதில் அடங்கும். அந்த வசனம் எந்தக் கடிதத்தில் வருகிறது என்பதற்கு இடமில்லை.

கி.மு. 597-இல் பாபிலோனியர் எருசலேமின் ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் சிறைபிடித்துக்கொண்டு போனார்கள். அப்படிப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம் அது. 11-ஆம் வசனத்துக்கு முன்னால் 10-ஆம் வசனம் இருக்கிறது: எழுபது வருடம் கழிந்த பிறகுதான் உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன். நாற்பது வயதில் அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார். தான் ஊர் திரும்பப் போவதில்லை என்பது அவருக்குப் புரிந்திருக்கும். அந்த மனிதருக்குத்தான் "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்று சொல்லப்பட்டது.

அதற்கும் மேலே 5-ஆம் வசனத்திலிருந்து பாருங்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். எந்த ஊர் உங்கள் வாழ்க்கையைக் குலைத்ததோ அந்த ஊருக்காகவே ஜெபம்பண்ணச் சொல்கிறார்!

இதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறார். இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று ஆலயத்தில் சகல ஜனங்களுக்கும் முன்பாகச் சொன்னவர் அவர். இன்று இருந்திருந்தால் கன்வென்ஷன் போஸ்டரில் அவர் படம்தான் பெரிதாக இருக்கும். எரேமியாவே முதலில், கர்த்தர் அப்படியே செய்வாராக என்றார். அவருக்கும் அதுதான் ஆசை. ஆனால் அது நடக்கவில்லை. அனனியா அந்த வருடமே இறந்துபோனார்.

அட்டையைக் கிழித்துப் போடாதீர்கள். அதிகாரம் முழுவதையும் ஒரு முறை உட்கார்ந்து வாசித்துவிட்டு, மறுபடியும் கண்ணாடியில் செருகிவையுங்கள். பிறகு வேலை தேடுங்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்ற கட்டளை உங்கள் நிலைமையில் அதுதான்.

விசுவாசத்தில் உறுதியாக இருப்பது என்றால் கலங்காமல் இருப்பதா? நான் நிறையக் கலங்குகிறேன்.

எபிரெயர் 6:19-இல் நம்பிக்கை ஆத்தும நங்கூரம் என்று சொல்லப்படுகிறது. தூத்துக்குடியில் வளர்ந்த யாரையும் கேளுங்கள், நங்கூரம் போட்ட தோணி ஆடாமல் நிற்குமா என்று. சிரிப்பார்கள். அலைக்கு ஏறி இறங்கும். காற்று மாறினால் முன்பக்கமான அணியத்தைத் திருப்பிக்கொண்டு முழு வட்டமே அடிக்கும். தோணியில் நிற்பவருக்குக் குமட்டலும் வரும். நங்கூரத்தின் வேலை ஆட்டத்தை நிறுத்துவதல்ல. இன்னொன்றையும் கவனியுங்கள்: நங்கூரம் பிடித்திருக்கிற இடம் தோணியிலிருந்து பார்த்தால் தெரியாது.

கலங்காதவர்களை நானும் பார்த்திருக்கிறேன். சிலருக்கு அது கிருபை. சிலருக்கு, சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், விஷயம் இன்னும் உறைக்கவில்லை.

"உன்னிடம் மறைவான பாவம் இருக்கிறது, அதனால்தான் இந்தக் கஷ்டம்" என்று ஒரு ஊழியக்காரர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தூக்கமில்லை.

என் கணவர் விழுந்த மூன்றாம் வாரம் எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒருவர் வந்தார். காப்பி குடித்தார். கட்டிலருகே நின்று கண்களை மூடி, "இந்த வீட்டில் அறிக்கையிடப்படாத ஒன்று இருக்கிறது" என்றார். பேச்சு குழறிப்போன என் கணவர் அன்று இரவு முழுவதும் தன் இளமைக் காலத் தவறுகளை ஒவ்வொன்றாக எனக்குச் சொல்ல முயன்றார். பாதி எனக்குப் புரியவில்லை. அந்த ஊழியக்காரரை மன்னிக்க எனக்கு நான்கு வருடம் ஆயிற்று.

இந்தக் கேள்வி இயேசுவிடமே வந்தது. பிறவிக் குருடனைக் காட்டி, இது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டார்கள். இரண்டுமில்லை என்றார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றிப் பேசும்போதும், எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று திருப்பிக் கேட்டார். இதுபற்றி இதைவிடத் தெளிவான பதில் வேதத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

யோபுவின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், வந்தவுடன் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்ததுதான். அதன் பிறகு வாயைத் திறந்தார்கள். கடைசியில் தேவன் கோபித்துக்கொண்டது, ஏறக்குறைய இருபது அதிகாரங்கள் புலம்பிய யோபுவிடம் அல்ல, தேவனுக்காக வக்காலத்து வாங்கிய அந்த நண்பர்களிடம். "என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை" என்று 42-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த ஊழியக்காரர் மறுபடி வந்தால் இந்த அதிகாரத்தை அவருக்கு வாசித்துக்காட்டுங்கள்.

மனசாட்சி நிஜமாகவே ஒன்றைச் சுட்டிக்காட்டினால் அறிக்கையிட்டுவிடுங்கள். அது வேறு விஷயம். அதை நோய்க்கு மருந்துச்சீட்டாக ஆக்காதீர்கள்.

எனக்குக் கர்த்தர்மேல் கோபமாக இருக்கிறது. முறுமுறுத்த இஸ்ரவேலர் வனாந்தரத்தில் அழிந்துபோனார்களே, பயமாக இருக்கிறது.

முறுமுறுப்புக்கும் புலம்பலுக்கும் என்ன வித்தியாசம் என்று நானும் வெகுகாலம் யோசித்தேன். சங்கீதம் 106:25-இல் ஒரு சொல் எனக்கு வழி காட்டியது: அவர்கள் தங்கள் "கூடாரங்களில்" முறுமுறுத்தார்கள். தேவனைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், அவரிடம் பேசவில்லை. தாவீது அதே அளவு கசப்பான சொற்களை நேராக அவர் முகத்துக்கு முன்னால் வைக்கிறார்: "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" மாமியாரைப் பற்றி அடுத்த வீட்டில் பேசுவதற்கும் மாமியாரிடமே போய்க் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. இரண்டாவதில் உறவு இன்னும் அறுந்துபோகவில்லை.

150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். அவற்றில் பெரும்பாலானவை கடைசியில் எப்படியாவது ஸ்தோத்திரத்துக்கு வந்து சேர்ந்துவிடும். 88-ஆம் சங்கீதம் மட்டும் வராது. சிநேகிதரும் தோழரும் விலகி, அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்பதோடு அப்படியே நின்றுவிடும். அதைத் தொகுத்தவர்கள் கீழே ஒரு அல்லேலூயா சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. அதற்காக அவர்களுக்கு நான் பலமுறை நன்றி சொல்லியிருக்கிறேன்.

சாவு வீட்டில் அம்மா ஒப்பாரி வைத்து அழுதார்கள். "விசுவாசிகள் அப்படி அழக்கூடாது" என்று ஜெபக்குழு அக்காமார் வாயடைத்துவிட்டார்கள். யார் சொல்வது சரி?

உங்கள் அம்மா.

அந்த அக்காமார் 1 தெசலோனிக்கேயர் 4:13-ஐ நினைத்துச் சொல்லியிருப்பார்கள். நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்காதிருங்கள் என்றுதான் அங்கே இருக்கிறது. துக்கிக்கவே வேண்டாம் என்று இல்லை. இன்னும் சில நிமிடங்களில் எழுப்பப்போகிற லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியிலேயே இயேசு கண்ணீர் விட்டார்.

ஒப்பாரி நம் கிழவிகள் கற்று வைத்திருந்த கலை. துக்கத்துக்கு அளவும் அடியும் கொடுத்து, மூச்சு வாங்கி, மறுபடி எடுத்து அழுவது. வேதத்தில் அதற்கு ஒரு முழுப் புத்தகமே இருக்கிறது. புலம்பலின் ஐந்து அதிகாரங்களில் முதல் நான்கு எபிரெய அகரவரிசையில் கட்டப்பட்டவை. அந்த மொழிக்கு 22 எழுத்து. அதனால் 1, 2, 4-ஆம் அதிகாரங்களுக்கு 22 வசனம். நடுவில் உள்ள 3-ஆம் அதிகாரத்துக்கு எழுத்துக்கு மூன்று வீதம் 66. பட்டணம் எரிந்து, பிள்ளைகள் பசியில் தெருவில் விழுந்து கிடக்கும்போது ஒருவர் உட்கார்ந்து அகரவரிசையில் அழுதிருக்கிறார். வேறு எதுவும் கைக்குள் நிற்காதபோது எழுத்துகளாவது வரிசையில் நிற்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

நாம் வீட்டுச் சுவரில் மாட்டுகிற "அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை, அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்பது அந்த 66 வசனங்களின் நடுவே இருக்கிறது. அதற்குப் பிறகும் அழுகை தொடர்கிறது. கடைசி அதிகாரம், எங்களை முற்றிலும் வெறுத்துவிடுவீரோ என்ற கேள்வியோடு முடிகிறது. சுவரில் மாட்டும்போது முன்னாலும் பின்னாலும் உள்ளதை நாம் வெட்டிவிடுகிறோம்.

ஜெபிக்க உட்கார்ந்தால் வாய் வரவில்லை. வேதம் திறந்தால் எழுத்து ஓடுகிறது.

முதலில் சாப்பிட்டீர்களா?

விளையாட்டாகக் கேட்கவில்லை. 1 இராஜாக்கள் 19-இல் எலியா சூரைச்செடியின் கீழ் விழுந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். பதிலுக்குத் தேவன் அறிவுரை சொல்லவில்லை. எலியா தூங்கினார், தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று ஒரே வரி. பேச்செல்லாம் நாற்பது நாள் கழித்து ஓரேப் மலையில்தான்.

அடுத்தது, இரவல் வார்த்தைகளை வாங்கிக்கொள்ளுங்கள். சொந்த வார்த்தையில் கண்ணீரோடு செய்தால்தான் ஜெபம் என்று யாரோ நமக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். சிலுவையில் இயேசு சொன்ன "என் தேவனே, என் தேவனே" என்பதே 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. கர்த்தருடைய ஜெபம் போதும். நாளுக்கு ஒரு சங்கீதம் போதும். என் கணவர் படுத்திருந்த காலத்தில் நான் மாலையில் "என்னோடிரும், மா நேச கர்த்தரே" என்ற பாமாலைப் பாட்டைப் பாடுவேன். அதன் மூலப்பாட்டை ஹென்றி லைட் என்ற இங்கிலாந்துக் குருவானவர் 1847-இல், காசநோயில் சாகும் தறுவாயில் முடித்தார். நோயை எடுத்துப் போடும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. கூட இரும் என்பதுதான் முழுப் பாட்டும். சில மாலைகளில் முதல் வரியோடு தொண்டை அடைத்துவிடும். மீதியை என் கணவர் வாய் கோணிக்கொண்டு முனகுவார்.

கணவர் போனபின் ஆலயத்துக்குப் போக முடியவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து திரும்பினால் ஆண்கள் பக்கம் அவர் உட்காரும் ஜன்னலோர இடம் தெரிகிறது.

இதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நாற்பது வருடம் ஒரே ஆலயத்தில் தனித்தனியாக உட்கார்ந்தவர்கள் நாம். பாட்டு எண் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு பார்வை, கண்ணாடி கொண்டுவந்தாரா என்று. அந்தப் பார்வைக்குப் போக இடமில்லாமல் போவது பெரிய வேதனை.

நான் செய்தது: ஆறு மாதம் அதிகாலைத் திருவிருந்து ஆராதனைக்கு மட்டும் போனேன். கூட்டம் குறைவு, பிரசங்கம் சின்னது, யாரும் கையைப் பிடித்துக்கொண்டு "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்கமாட்டார்கள். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அப்பத்தையும் ரசத்தையும் வாங்க முழங்கால்படியிடும் இடத்தில் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்ற கணக்கு எனக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வென்ட் காலத்தில் பழைய இடத்துக்குத் திரும்பினேன். அந்த ஜன்னலோரத்தில் ஒரு பையன் உட்கார்ந்து செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான். கோபம் வந்தது. அது நல்லதாகவும் இருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கல்யாண வீட்டில் விதவை முன்னால் நிற்கக்கூடாது என்ற வழக்கம் நம் கிறிஸ்தவ வீடுகளிலும் சத்தமில்லாமல் இருக்கிறது. யாரும் சொல்லமாட்டார்கள், ஒரு நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போடுவார்கள். அந்த நாற்காலியை நீங்களே முன்னால் இழுத்துப் போட்டு உட்காருங்கள். எருசலேம் சபையில் எழுந்த முதல் சச்சரவுகளில் ஒன்றே விதவைகளைக் கவனிக்கவில்லை என்பதுதான். அதற்காக ஏழு பேரை நியமித்தார்கள். அப்போஸ்தலர் 6-இல் இருக்கிறது.

பிள்ளைகள் இருவரும் வெளிநாடு. வீடு வெறுமையாக இருக்கிறது. படிக்கவைத்ததே தப்போ என்று தோன்றுகிறது.

தப்பில்லை. அன்னாள் தவம் கிடந்து பெற்ற பிள்ளையைப் பால்மறந்ததும் சீலோவில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினாள். வருடாவருடம் அவனுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துப்போவாள் என்று 1 சாமுவேல் 2:19-இல் ஒரு வரி இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அளவைக் கண்ணால் பார்க்காமலே ஊகித்து வெட்டியிருப்பாள். நீங்கள் ஊறுகாய் பொட்டலம் கட்டி அனுப்புகிறீர்கள், அதுவும் அந்த ஜாதிதான்.

வருமானம் நின்றுவிட்டது. தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுக்காவிட்டால் ஆசீர்வாதம் தடைபடும் என்கிறார்களே?

2 கொரிந்தியர் 8:12: இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே. காணிக்கை அனுப்பினால் வேலை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் கதவைச் சாத்துங்கள். கடன் வாங்கிக் காணிக்கை போட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்; அந்தக் கடனை அடைக்க எந்த ஊழியமும் வரவில்லை.

"சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்ற வசனத்தைச் சொல்லி ஆறுதல் சொல்லலாமா?

ரோமர் 8:28 உண்மை என்று நம்புகிறேன். அதைப் பிரேதம் எடுக்காத வீட்டில் சொல்லாதீர்கள். அந்த வசனம் பாடுபடுகிறவர் தானே வந்து சேரவேண்டிய இடம். நாம் பிடித்துத் தள்ளவேண்டிய இடம் அல்ல.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, குளச்சல், மணக்குடி என்று கரையோரம் முழுவதும் கடல் ஏறியது. வேளாங்கண்ணியில் தண்ணீர் பேராலயத்துக்குள் வரவில்லை என்று பலர் சாட்சி சொன்னார்கள். உள்ளே நின்று பிழைத்தவருக்கு அது சாட்சிதான், மறுக்கமாட்டேன். ஆனால் அதே ஊரின் மணலில் தன் பிள்ளையைத் தேடிய ஒரு தாயின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? நம் சபைகளில் சாட்சி நேரத்தில் எழுந்து நிற்பவர்கள் எல்லோரும் திரும்பக் கிடைத்தவர்களாகவே இருக்கிறார்கள். கிடைக்காதவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். "கேட்டேன், கிடைக்கவில்லை, இன்னும் வந்துகொண்டிருக்கிறேன்" என்று ஒருவர் எழுந்து சொன்னால் அதற்கும் ஸ்தோத்திரம் சொல்லப் பழகவேண்டும். முள்ளை எடுத்துப்போடும்படி மூன்று தரம் கேட்டு, கிடைக்காமல், "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதிலோடு திரும்பிய பவுலின் சாட்சி அந்த வகைதான்.

துக்க வீட்டுக்கு என்ன கொண்டுபோவது என்று கேட்டால், குழம்பு கொண்டுபோங்கள். நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்து பந்தல் பிரித்தபிறகு யாரும் வராத ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்துப் போங்கள்.

டாக்டர் மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார். சாப்பிட்டால் விசுவாசக் குறைவா?

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறீர்களே, அது? பவுலோடு பயணம் செய்த லூக்கா வைத்தியர். தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் ஜெபம் மட்டும் சொல்லவில்லை, கொஞ்சம் திராட்சரசமும் குடிக்கச் சொன்னார். வேலூரில் ஐடா ஸ்கடர் 1900-இல் மருத்துவப் பணியைத் தொடங்கியது விசுவாசம் குறைந்ததால் அல்ல. மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். சாகவேண்டும் என்ற நினைவு வந்தால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, இரவிலும் பேசுவார்கள், தமிழிலும் பேசலாம்.

படுக்கையில் கிடக்கிறேன். ஒருகாலத்தில் ஓடி ஓடி ஊழியம் செய்தவன். இனி நான் எதற்கு?

டோனாவூர் போயிருக்கிறீர்களா? களக்காட்டுக்குப் பக்கம், மலையடிவாரம். ஆபத்தில் இருந்த பெண் குழந்தைகளுக்காக ஏமி கார்மைக்கேல் 1901-இல் அங்கே வீடு தொடங்கினார். 1931-இல் ஒரு நாள் இருட்டில் குழிக்குள் விழுந்து கால் முறிந்தது. வயது 63. சில வாரத்தில் சரியாகும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1951 ஜனவரியில் மறையும்வரை, ஏறக்குறைய இருபது வருடம், பெரும்பாலும் ஒரே அறைதான். ஊர் ஊராக வண்டியில் போனவர் அறைக்குள் இருந்தபடி எழுதினார்; பிள்ளைகள் உள்ளே வந்து வந்து போனார்கள்.

இதைச் சொன்னால் "அவர் பெரிய மனுஷி, என்னால் முடியுமா" என்பீர்கள். நான் சொல்ல வந்தது அவர் எழுதிய புத்தகங்களைப் பற்றியல்ல. கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் அங்கே பறவைகள் குளிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் "அம்மா" என்று மட்டும் பொறித்தார்கள். ஓடிய வருடங்களுக்கும் படுத்த வருடங்களுக்கும் அவர்கள் தனித்தனிக் கணக்கு எழுதவில்லை. உங்கள் பேரப்பிள்ளை பள்ளிவிட்டு வந்ததும் யார் கட்டிலில் பையைத் தூக்கிப் போடுகிறான் என்று கவனித்துப் பாருங்கள்.

பவுல் சிறையிலிருந்தே "மனரம்மியமாயிருக்கிறேன்" என்று எழுதினாரே. எனக்கு ஏன் வரவில்லை?

பிலிப்பியர் 4:11-இல் வினைச்சொல்லைப் பாருங்கள். மனரம்மியமாயிருக்கக் "கற்றுக்கொண்டேன்." முப்பத்து மூன்று வருடம் பாடம் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன், கற்றுக்கொண்டேன் என்கிற ஒவ்வொருவரும் முன்னால் தப்புத் தப்பாகப் போட்டவர்கள்தான்.

அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த பிலிப்பி சபையின் கதையே அடைபட்ட வழிகளின் கதை. அப்போஸ்தலர் 16-இல் பவுல் ஆசியாவுக்குப் போக நினைத்தார், ஆவியானவர் தடுத்தார். பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், அதுவும் அடைபட்டது. எங்கே போவதென்று தெரியாமல் கடற்கரைத் துரோவாவில் வந்து நின்றார். அங்கிருந்துதான் மக்கெதோனியா, பிலிப்பி, ஆற்றங்கரையில் லீதியாள். பித்தினியா வழி அடைபட்ட அன்று பவுலுக்கு லீதியாளைத் தெரியாது. உங்கள் துரோவா எவ்வளவு நாள் என்று எனக்கும் சொல்லத் தெரியாது.

எங்கள் சபை ஐயரை (குருவானவரை) வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். சபையே அழுகிறது. புதியவரோடு மனம் ஒட்டவில்லை.

இந்தப் பட்டியலில் இது சின்னக் கேள்வியாகத் தோன்றலாம். எனக்கு அப்படியில்லை, ஏனென்றால் நான் மறுபக்கத்தில் இருந்தவள். அப்பாவுக்கு மாற்றல் வந்தால் நாங்கள் பள்ளியை, சிநேகிதியை, வளர்த்த ஆட்டை விட்டுவிட்டுப் போகவேண்டும். பள்ளி முடிப்பதற்குள் ஐந்து ஊர். போகிற ஊரில் முந்தின உபதேசியாரைப் புகழ்ந்துகொண்டே எங்களை வரவேற்பார்கள்.

புது வீட்டில் முதல் இரவு எப்போதும் ஒரே மாதிரிதான். மூட்டைகள் அவிழ்க்கப்படாமல் கிடக்கும். அரிக்கன் விளக்கு எந்த மூட்டையில் என்று அம்மா தேடிக்கொண்டிருப்பாள். விளக்குக் கிடைத்ததும் அப்பா எங்களை ஒரு பெட்டியைச் சுற்றி உட்காரவைத்து 121-ஆம் சங்கீதம் வாசிப்பார். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக." ஒரு ஊரில் பர்வதமே இல்லை, சுற்றிலும் தேரிமணல். தம்பி கேட்டேவிட்டான், மலை எங்கே அப்பா என்று. வாசித்து முடிக்கட்டும், காலையில் தேடலாம் என்றார் அப்பா. எங்களுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

புது ஐயரோடு மனம் ஒட்ட ஒரு வருடமாவது கொடுங்கள். பழையவரைப் பற்றி அவர் காதுபட முதல் மாதம் பேசாதீர்கள். அவர் வீட்டில் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் இருந்தால் பெயரைக் கேட்டு ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வந்து இறங்கும் அன்று இரவுச் சாப்பாட்டை யாராவது ஒரு வீட்டார் ஏற்றுக்கொள்ளுங்கள். பாத்திரங்கள் எந்த மூட்டையில் இருக்கின்றன என்று அந்த அம்மாவுக்கு மறுநாள்தான் தெரியும்.